பிண்ணாக்கும் பப்பாசிப்பாலும்: தாவரப் புரதங்களிலிருந்து பயன்தரு பெப்ரைட்டுக்கள்

பேலியகொடையிற் கண்டி வீதியிலிருந்து பிரிந்து வடக்கே புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, இலங்கையின் புரத வளத்தையும் புரத வறுமையையும் ஒருங்கே காட்டும் பாதை எனலாம். பேலியகொடையில், புறக்கோட்டைச் சென். ஜோன்ஸ் சந்தைக்குப் பதிலாக 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்திய மீன் சந்தை இருக்கின்றது. அங்கிருந்து சில மைல் தூரத்தில், ஜா-எலையிலே, கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷ மா தயாராகின்றது. சோளமும் சோயா அவரையும் பால்மாவும் கலந்த இந்த உணவு வழங்கும் திட்டம் 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகும். அதற்கும் அப்பால் தெங்கு முக்கோணம் எனப்படும் பிரதேசம் விரிகின்றது. அதன் நடுவே லுணுவிலையில், 1929இல் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது.

இப்பிரதேசத்து ஆலைகளிலே கொப்பறாவிலிருந்து எண்ணெய் பிழியப்பட்ட பின் எஞ்சுவது பிண்ணாக்கு. அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதமாகும். அது மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகின்றது. அதே வேளையில், இந்நாட்டு மக்கள் தமக்கு வேண்டிய பால்மாவையும் மைசூர்ப் பருப்பையும் பெருமளவில் வெளிநாடுகளிலிருந்தே பெறுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இவ்விரண்டின் விலையும் ஏறியதை நாம் மறந்துவிட முடியாது.

எண்ணெய் வித்துக்களிலும் அவரையினங்களிலும் உள்ள புரதத்தை நொதியங்களின் துணைகொண்டு சிறு துண்டுகளாகப் பகுத்து, உடலுக்கு நன்மை பயக்கும் பெப்ரைட்டுக்களைப் பெறும் முறை கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் வளர்ந்து வந்துள்ளது. அம்முறையின் அடிப்படை யாது, அதனால் விளையும் பயன் எத்துணை உண்மையானது, எம்மைப் போன்ற ஒரு நாட்டுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்னும் மூன்று வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரதமும் பெப்ரைட்டும்

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களாலான நீண்ட சங்கிலிகள். இவ்வமிலங்கள் இருபது வகைப்படும். ஓர் அமினோ அமிலத்தின் காபொட்சிற் கூட்டமும் அடுத்ததன் அமினோக் கூட்டமும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து இணையும்போது உண்டாவது பெப்ரைட்டுப் பிணைப்பு. புரதங்கள் இப்பிணைப்பாலேயே ஆனவை என்னும் கொள்கையை 1902ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழியுலகைச் சேர்ந்த இரு அறிஞர்களான எமில் பிஷரும் பிரான்ஸ் ஹொப்மைஸ்டரும் தனித்தனியே ஒரே காலத்தில் வெளியிட்டனர்.

சில அமினோ அமிலங்கள் மாத்திரம் இணைந்த குறுஞ்சங்கிலியைப் பெப்ரைட்டு என்கிறோம். இரண்டு இணைந்தால் இருபெப்ரைட்டு. மூன்று இணைந்தால் முப்பெப்ரைட்டு. இருபது எழுத்துக்களைக் கொண்ட ஒரு நெடுங்கணக்கை எண்ணிக்கொண்டால் இதன் பரப்பு விளங்கும். ஈரெழுத்துச் சொற்கள் 400 அமையலாம். மூவெழுத்துச் சொற்கள் 8,000 அமையலாம். முழுப் புரதம் என்பது சில நூறு எழுத்துக்களால் இடைவெளியின்றி எழுதப்பட்ட ஒரு வரி. அந்த வரிக்குள் பொருள் பொதிந்த சிறு சொற்கள் பல மறைந்து கிடக்கலாம். அவை முழுப் புரதத்தினுள் இருக்கும்வரை செயலற்றவை. உரிய இடங்களில் வெட்டி விடுவிக்கப்படும்போதே செயற்படத் தொடங்குகின்றன. பெப்ரைட்டு ஆய்வின் மையக் கருத்து இதுவேயாகும்.

தாவர வித்துக்களிலுள்ள புரதங்களை அமெரிக்க அறிஞர் தோமஸ் ஒஸ்போண் அவற்றின் கரைதிறனைக் கொண்டு வகைப்படுத்தினார். நீரிற் கரைவன அல்புமின்கள். உப்புக் கரைசலிற் கரைவன குளோபியூலின்கள். மதுசாரக் கரைசலிற் கரைவன புரொலமின்கள். காரத்தில் அல்லது அமிலத்திற் கரைவன குளுட்டெலின்கள். உழுந்து, பயறு, கடலை, சோயா ஆகியவற்றிற் பெரும்பங்கு குளோபியூலினே. தேங்காயிலும் குளோபியூலினும் அல்புமினும் மிகுந்துள்ளன. கோதுமையில் புரொலமினும் குளுட்டெலினும் மேலோங்கி நிற்கின்றன. எந்த நொதியம், எந்தப் பெப்ரைட்டு என்பன எல்லாம் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

நொதியம் வெட்டும் விதம்

புரதத்தைப் பகுக்க அமிலமும் போதுமானது. செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்திற் பல மணி நேரம் கொதிக்க வைத்தால் எப்புரதமும் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். சூப்புக் கட்டிகளிலும் மலிந்த சோயாச் சாறுகளிலும் சேரும் தாவரப் புரத நீர்ப்பகுப்பு இவ்வாறே நெடுங்காலம் தயாரிக்கப்பட்டு வந்தது. எனினும் இம்முறையில் மூன்று குறைகள் உள. அமிலம் கண்ட இடமெல்லாம் வெட்டுமாதலால் பெப்ரைட்டுக்கள் எஞ்சுவது அரிது. திரிப்ரோபன் என்னும் இன்றியமையா அமினோ அமிலம் அழிந்துவிடுகின்றது. மேலும், வித்தில் எஞ்சிய கொழுப்பும் அமிலத்தின் குளோரீனும் சேர்ந்து குளோரோபுரொப்பேன் வகைச் சேர்வைகள் உண்டாகின்றன. இவற்றின் நச்சுத்தன்மை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டிலிருந்து சோயாச் சாற்றில் இவற்றுக்குக் கடுமையான வரம்பு விதித்தது.

நொதியம் அவ்வாறன்று. அது தானும் ஒரு புரதம். அவரையின வித்தொன்றிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தை 1926இற் பளிங்குருவிற் பிரித்தெடுத்து இவ்வுண்மையை நிறுவியவர் ஜேம்ஸ் சம்னர். புரதத்தைப் பகுக்கும் நொதியங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இலக்கணம் உடையவை. திரிப்சின், லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்த பிணைப்பையே வெட்டும். இரைப்பையிற் சுரக்கும் பெப்சின், கடும் அமில ஊடகத்தில் அரோமற்றிக் அமினோ அமிலங்களின் அண்மையிலுள்ள பிணைப்புக்களை நாடும். பசிலசு லிக்கெனிபோமிசு என்னும் பற்றீரியாவிலிருந்து கிடைப்பதும், சலவைத் தூளிற் சேர்க்கப்பட்டுப் புகழ் பெற்றதுமான அல்கலேசு, கார ஊடகத்தில் மிகப் பரந்த அளவில் வெட்டும். ஆகவே ஒரே சோயாப் புரதத்தை மூன்று நொதியங்களிடம் ஒப்படைத்தால் மூன்று வேறுபட்ட பெப்ரைட்டுத் தொகுதிகள் கிடைக்கும். இத்தகைய பகுப்பு 40 முதல் 60 பாகை செல்சியசு வெப்பநிலையில், கொதிகலனும் கடும் அமிலமும் இன்றி நிகழ்வது இதன் மற்றொரு சிறப்பாகும்.

இலங்கையின் பப்பாசிப்பால்

நொதியங்களின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது. முற்றிய ஆட்டிறைச்சியை வேகவைக்கும்போது ஒரு துண்டு பப்பாசிக்காயைச் சேர்த்தால் இறைச்சி மெதுமையாகும் என்பதை எமது வீட்டுப் பெண்கள் எந்த ஆய்கூடத்திலும் கற்றவரல்லர். அச்செயலுக்குக் காரணமான நொதியத்துக்குப் பிரான்சியரான வூட்சும் பூஷூவும் 1879இற் பப்பெயின் எனப் பெயரிட்டனர். அது 212 அமினோ அமிலங்களாலானது; அவற்றுள் 25ஆம் இடத்திலுள்ள சிஸ்ரெயினின் கந்தகமே வெட்டும் வாளின் முனை போன்றது. அதன் முப்பரிமாண அமைப்பு 1968இல் நெதர்லாந்தில் வெளிப்படுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகச் சந்தைக்குப் பப்பெயின் வழங்கிய நாடுகளுள் இலங்கை முதன்மை பெற்றிருந்தது. பின்னர் கிழக்கு ஆபிரிக்காவும் கொங்கோவும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. பால் எடுக்கும் முறை எளியது. முற்றிய, ஆனால் பழுக்காத காயின் தோலிலே அதிகாலையில் நெடுக்காக மூன்று நான்கு ஆழமற்ற கீறல்கள் இடப்படும். வழியும் பால் கண்ணாடி அல்லது பீங்கான் கலங்களிற் சேர்க்கப்படும். சில நாட்கள் இடைவிட்டு மீண்டும் கீறப்படும். இரும்புக் கலம் ஆகாது. உலோகமும் காற்றும் அக்கந்தகக் கூட்டத்தை ஒட்சியேற்றி நொதியத்தை முடக்கிவிடும். கடும் வெயிலும் ஆகாது. தாழ்ந்த வெப்பநிலையில் உலர்த்த வேண்டும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இத்தொழிலில் இலங்கை செய்தது பாலைக் கீறி உலர்த்தி அனுப்பியது மாத்திரமே. அதனைத் தூய்மையாக்கி, வலுவை அளவிட்டு, மதுபானத் தெளிவாக்கத்துக்கும் மருந்துக்கும் இறைச்சிக்கும் உரிய தரங்களாக்கி, மும்மடங்கு நான்மடங்கு விலைக்கு விற்றோர் பிறநாட்டார். தேயிலைக்கும் இறப்பருக்கும் நேர்ந்ததே பப்பாசிப்பாலுக்கும் நேர்ந்தது. மூலப்பொருளை மட்டும் விற்கும் நாடு, மலிவான வேறொரு மூலப்பொருள் கிடைத்த மாத்திரத்திற் சந்தையை இழக்கும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

செய்முறை

தாவரப் புரதத்திலிருந்து பெப்ரைட்டைப் பெறும் முறையைப் படிப்படியாகக் கூறுவோம். முதற்கண் எண்ணெய் நீக்கப்பட்ட மா தேவை. கொப்பறா ஆலைகளில் அழுத்தமும் வெப்பமும் மிகுதி; அவ்வெப்பத்தாற் புரதம் தன் இயல்பிழந்து கரைதிறன் குன்றுகின்றது. ஆகவே தாழ்ந்த வெப்பநிலையில் எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் தேங்காய் மா இதற்கு ஏற்றது. இம்மாவை மெல்லிய கார நீரிற் கலக்கினாற் புரதம் கரையும். நாரை வடித்து நீக்கிய பின் அமிலம் சிறிது சேர்த்துப் பீ.எச். பெறுமானத்தை நான்கரை அளவுக்குக் குறைத்தால், சோயாவைப் போன்ற வித்துக்களின் புரதம் தயிர் திரள்வதுபோலத் திரண்டு படியும். இப்படிவைக் கழுவி மீண்டும் நீரிற் கலக்கி, நொதியத்துக்குரிய பீ.எச். பெறுமானத்துக்கும் வெப்பநிலைக்கும் கொண்டுவர வேண்டும். அல்கலேசுக்குப் பீ.எச். 8ஐ அண்டிய ஊடகமும் 50 முதல் 60 பாகை வரையான வெப்பநிலையும் வேண்டும். பப்பெயினுக்கு நடுநிலையை அண்டிய ஊடகம் போதுமானது.

நொதியம் சேர்த்த பின் எத்தனை பிணைப்புக்கள் வெட்டப்பட்டன என்பதை அறிவது எவ்வாறு? காரவூடகத்தில் ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் ஊடகத்தின் அமிலத்தன்மை சிறிது கூடும். பீ.எச். பெறுமானம் மாறாதிருக்க நாம் துளித்துளியாகச் சேர்க்கும் காரத்தின் அளவே அறுந்த பிணைப்புக்களின் கணக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த அட்லர்-நிசென் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இம்முறையைத் தெளிவாக வகுத்தார். வேண்டிய அளவு பகுப்பு நிகழ்ந்ததும் கலவையை 90 பாகையளவில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கி நொதியத்தைச் செயலிழக்கச் செய்வர். பப்பெயின் வெப்பத்தை நன்கு தாங்குமாதலின் அதற்கு இதனினும் கடும் வெப்பம் தேவைப்படும். பின்னர் மையநீக்கியால் தெளிவாக்கி, குறிப்பிட்ட மூலக்கூற்று நிறைக்கு மேற்பட்டவற்றைத் தடுக்கும் மென்சவ்வினூடாக வடித்து, தூவி உலர்த்தினால் வெண்ணிறத் தூள் கிடைக்கும்.

இத்தூளை வாயிலிட்டால் முதலில் உணரப்படுவது கசப்பு. நீரை வெறுக்கும் இயல்புடைய லியூசின், வலின், பினைலலனின் போன்றவை முழுப் புரதத்தில் உள்ளே ஒதுங்கியிருக்கும். துண்டாக்கியதும் வெளிப்பட்டு நாவைத் தாக்கும். அமினோ அமிலங்களின் சராசரி நீர்வெறுப்பைக் கணக்கிட்டு ஒரு பெப்ரைட்டுக் கசக்குமா என்று முன்னரே கூறும் விதியை 1971இல் ஜெர்மானியரான நெய் வகுத்தார். கசப்பைக் குறைக்க, பகுப்பை உரிய இடத்தில் நிறுத்துவதும், அந்தத்திலுள்ள அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேறு நொதியங்களைச் சேர்ப்பதும் வழக்கில் உள்ளன.

பாம்பு நஞ்சு கற்பித்த பாடம்

பெப்ரைட்டுக்களாற் கிடைக்கும் நன்மைகளுள் மிகுதியாகப் பேசப்படுவது குருதியமுக்கத்தைக் குறைத்தலாகும். இதன் வரலாறு வியப்புக்குரியது. 1965ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு செர்ஜியோ பெரெய்ரா, ஜராரக்கா என்னும் விரியன் பாம்பின் நஞ்சிற் சில பெப்ரைட்டுக்களைக் கண்டார். அவை உடலிலுள்ள ஒரு நொதியத்தைத் தடைசெய்வன என்பது பின்னர் தெரிந்தது. அந்நொதியம் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோரென்சின் ஒன்றிலிருந்து இரண்டை வெட்டி நீக்கி, எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோரென்சின் இரண்டை ஆக்குகின்றது. இரண்டாவது, குருதிக் குழாய்களை இறுக்குவது. வெட்டும் நொதியத்தைத் தடுத்தால் குழாய்கள் தளர்ந்து குருதியமுக்கம் தணியும்.

நஞ்சிலிருந்து பெற்ற ஒன்பது அமினோ அமிலப் பெப்ரைட்டு ஊசியாகச் செலுத்தியபோது பயனளித்தது. வாய்வழி கொடுத்தபோது பயனளிக்கவில்லை. ஆகவே குஷ்மனும் ஒண்டெற்றியும் அப்பெப்ரைட்டின் முனையைப் பின்பற்றி ஒரு சிறு மூலக்கூறை வடிவமைத்தனர். 1977இல் அறிவிக்கப்பட்டு, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கப்டொபிரில் அதுவேயாகும்.

இதனிடையே 1979இல் யப்பானிய ஆய்வாளர்கள், ஜெலற்றினை நொதியத்தாற் பகுத்தபோதும் அதே தடுப்பாற்றலுள்ள பெப்ரைட்டுக்கள் கிடைப்பதைக் காட்டினர். பாம்பு நஞ்சில் இருந்த இயல்பு எமது அன்றாட உணவிலும் மறைந்திருந்தது என்பதே இதன் பொருள். அதன் பின்னர் தேடல் பால், மீன், சோயா, அரிசி, பயறு என விரிந்தது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2006இல், சோயாவின் கிளைசினின் என்னும் குளோபியூலினை நொதியத்தாற் பகுத்து, வலின், லியூசின், ஐசோலியூசின், வலின், புரோலின் என்னும் வரிசையிலமைந்த ஐம்பெப்ரைட்டைப் பிரித்தெடுத்து, அதற்கு இத்தடுப்பாற்றல் உண்டெனக் காட்டினர். இறுதியில் புரோலின் நிற்பதைக் காண்க. இந்நொதியத்தைத் தடுக்கும் பெப்ரைட்டுக்கள் பலவற்றில் இஃதோர் அடையாளம். தமிழரான வி. சுப்பிரமணியம் முதல் இயக்குநராக இருந்து 1950இல் தொடங்கிய இந்நிலையம், கடலைப் பிண்ணாக்கு மாவைக் கொண்டு ஏழை மக்களுக்குப் புரத உணவு ஆக்கிய நிலையமுமாகும். சீனாவிலும் தாய்லாந்திலும் தேங்காய்ப் பிண்ணாக்குப் புரதம் அண்மைக் காலத்தில் இவ்வாறே ஆராயப்பட்டுள்ளது.

எவ்வளவு நம்பலாம்?

பாம்பு நஞ்சு கற்பித்த பாடத்தின் மறுபாதியை வணிகர் கூறுவதில்லை. வாய்வழி சென்ற பெப்ரைட்டு இரைப்பையிலும் சிறுகுடலிலும் மேலும் வெட்டப்படுகின்றது. சிறுகுடற் சுவரில் இருபெப்ரைட்டையும் முப்பெப்ரைட்டையும் ஏற்றிச் செல்லும் காவி உண்டு என்பது உண்மை. எனினும் அவற்றிற் பெரும்பகுதி குடற் கலங்களுக்குள்ளேயே அமினோ அமிலமாகிவிடுகின்றது. சோதனைக் குழாயில் நொதியத்தைத் தடுத்த ஒரு பெப்ரைட்டு, குருதிக்குள் முழுமையாகவும் போதிய செறிவிலும் சென்று சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாலிலிருந்து பெறும் இரு முப்பெப்ரைட்டுக்களைப் பற்றி யப்பானிலும் பின்லாந்திலும் மனிதரிடையே பரிசோதனைகள் பல நடந்தன. அவற்றை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, குருதியமுக்கம் பற்றிய உரிமைகோரல் நிறுவப்படவில்லை என 2012இல் முடிவு செய்தது. இத்துணைப் பரிசோதிக்கப்பட்ட பெப்ரைட்டின் நிலையே இதுவாயின், சோதனைக் குழாயோடு நின்றுவிட்ட ஏனையவற்றின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

எல்லாத் தாவரப் பெப்ரைட்டும் நன்மையே செய்யும் என்பதும் தவறு. கோதுமைப் புரதத்திலிருந்து உண்டாகும் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்ரைட்டு, எமது சமிபாட்டு நொதியங்கள் எதற்கும் வளையாமல் நின்று, கோதுமை ஒவ்வாத குடல் நோயாளரைத் தாக்குகின்றது என்பது 2002இல் வெளிப்படுத்தப்பட்டது. பிண்ணாக்கைப் பொறுத்தவரை பூஞ்சணத்தையும் மறத்தல் ஆகாது. 1960இல் இங்கிலாந்திலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், தீனியிலிருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சாகிய அபிளற்றொக்சின். புரதத்தை வெட்டும் நொதியம் இந்நஞ்சைத் தொடுவதில்லை. மூலப்பொருள் கெட்டதாயின் விளைபொருளும் கெட்டதேயாகும்.

மற்றுமொன்று: நொதியம் புரதத்தை வெட்டுமேயன்றி இல்லாத அமினோ அமிலத்தைப் படைக்காது. தேங்காய்ப் புரதத்தில் லைசின் குறைவெனின், அதன் பெப்ரைட்டிலும் அது குறைவே. சோற்றோடு பருப்பைச் சேர்த்து உண்ணும் மரபு இக்குறையை நிரப்பும் அளவுக்கு, விலை மிகுந்த எந்தப் பெப்ரைட்டுத் தூளும் தனித்து நின்று நிரப்பாது.

யாருக்குப் பயன்?

அவ்வாறாயின் இவ்வாராய்ச்சியே வீணோ எனின், அன்று. பெப்ரைட்டுக்களின் உறுதியான பயன் வேறிடத்தில் உள்ளது. பசுப்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு, நன்கு பகுக்கப்பட்ட புரதம் உயிர்காக்கும் உணவு. பாற் புரதமாகிய கேசீனைப் பகுத்து ஆக்கிய குழந்தையுணவு அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டளவிலேயே விற்பனைக்கு வந்தது. இன்று ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அரிசிப் புரதத்தைப் பகுத்து ஆக்கிய குழந்தையுணவும் இதே நோக்கத்துக்குப் பயன்படுகின்றது. சமிபாட்டாற்றல் குன்றிய நோயாளருக்குக் குழாய்வழி ஊட்டும் உணவிலும் பகுத்த புரதம் இடம்பெறுகின்றது. இத்தகைய உணவு இலங்கையில் இறக்குமதிப் பொருளாகவே கிடைக்கின்றது. வெள்ளவத்தையில் வாழும் ஓர் உத்தியோகத்தர் குடும்பமே ஒரு பேணியின் விலையைக் கேட்டுத் தயங்குமெனின், கொட்டாஞ்சேனையில் நாட்கூலி பெறும் ஒருவரின் குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது? அரிசியும் பயறும் பப்பாசியும் விளையும் நாட்டில் இவ்வினாவுக்கு விடை காண்பது, முகப்பூச்சுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பெப்ரைட்டு ஆக்குவதைக் காட்டிலும் முதன்மையானது என்பது எமது கருத்து.

பிண்ணாக்கைப் பற்றிய கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். ஆயிரம் கிலோ பிண்ணாக்கில் ஏறத்தாழ 200 கிலோ புரதம் உண்டு. அதிற் பாதியைப் பிரித்தெடுக்க முடியும் எனக் கொண்டாலும் 100 கிலோ கிடைக்கும். ஆனால் பிண்ணாக்கு இன்று கழிவுப் பொருளன்று. இரண்டு மூன்று பசுக்களை வைத்துச் சீவிக்கும் குடும்பங்களுக்கு அதுவே தீவனம். அது பாலாக மாறி மீண்டும் மனிதரையே அடைகின்றது. புரதத்தை நீக்கிய எச்சம் நார் மிகுந்தும் சத்துக் குறைந்தும் இருக்கும். ஆலைக்காரர் பெப்ரைட்டால் இலாபமடைய, மாடு வளர்ப்போர் தீவனத்துக்கு அதிக விலை கொடுக்க நேர்ந்தால், அதை முன்னேற்றம் என்று எவ்வாறு கூறலாம்? ஆகவே தீவனப் பிண்ணாக்கை விடுத்து, தாழ்ந்த வெப்பநிலையில் எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் எஞ்சும் மாவிலிருந்தும், சோயா, அரிசி ஆகியவற்றைப் பதப்படுத்துகையில் எஞ்சும் துணைப்பொருட்களிலிருந்தும் தொடங்குவதே அறிவுடைமை. 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷ உற்பத்தியே இடர்ப்பட்டது. ஒரே மூலப்பொருளைச் சார்ந்த போசாக்குத் திட்டத்தின் பலவீனத்தை அது காட்டிற்று.

இம்முயற்சிக்கு வேண்டிய உறுப்புக்கள் நாட்டில் இல்லாமலில்லை. நொதியத்துக்குப் பப்பாசியும் அன்னாசியும் உண்டு. தெங்கு பற்றிய அறிவுக்கு லுணுவிலை நிலையமும், உணவுத் தொழில்நுட்பத்துக்குக் கொழும்பிலுள்ள கைத்தொழிற் தொழில்நுட்ப நிறுவகமும், பல்கலைக்கழக ஆய்கூடங்களும் உள. வேண்டியது, ஆய்வுக் கட்டுரை அச்சேறியதோடு பணி முடிந்தது என்று கருதாத மனப்பாங்கும், மருத்துவர், உணவியலாளர், பொருளியலாளர் ஆகியோர் இணைந்து செயற்படும் அமைப்புமாகும். மனிதரிடையே பரிசோதிக்கப்படாத எந்தப் பெப்ரைட்டுக்கும் நோய் தீர்க்கும் என்ற விளம்பரத்துக்கு இடமளித்தல் கூடாது. அரசாங்க மருத்துவமனைகளிற் குருதியமுக்க மருந்து இலவசமாக வழங்கப்படும் நாட்டில், அதை நிறுத்திவிட்டு ஒரு தூளை நம்பும் நோயாளர் இழப்பது பணம் மட்டுமன்று.

இத்துறையிற் பயிலும் எமது மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, எந்தப் பெப்ரைட்டு வெளிநாட்டுச் சஞ்சிகையில் இடம்பெறும் என்று கேட்பதோடு, எந்தப் பெப்ரைட்டு இந்நாட்டுக் குழந்தையொன்றின் கிண்ணத்தை அடையும் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதும் உண்டு. கிடைக்காதபோது இரண்டாவது வினாவையே பற்றிக்கொள்ளுதல் தகும்.